கீழ்ப்பக்கத்து எட்டுக் குழிகள்

பெரார்கஞ்ச், தெற்கு அந்தமான்
8-2-1967

அன்புத் தம்பி பன்னீர்செல்வத்துக்கு அக்கா மங்கையர்க்கரசி எழுதிக்கொண்டது.

இங்கே சுகம். உன் சுகத்துக்கும் சுசீலா, பிள்ளைகள் சுகத்துக்கும் எழுது. போன கடிதம் போட்டு ஐந்து மாதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

இப்போது ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். வயலில் நெல் பரவாயில்லை, எங்கள் சாப்பாட்டுக்குப் போதும். மேட்டு நிலம்தான் ஆளைக் கொல்கிறது. இரண்டு ஏக்கர் வெட்டித் திருத்தி, இரண்டு மழைக்காலம் ஈரம் நிற்கிற கீழ்ப்பக்கமாகவே மக்காச்சோளம் போட்டோம். முதல் வருஷம் பத்துக்கு மூன்று முளைத்தது. விதை சொத்தை என்று நினைத்தோம். போன வருஷம் நல்ல விதையாகப் பார்த்துப் போட்டும் பத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. எலி என்றார்கள், ஈரத்தில் அழுகியது என்றார்கள். தோண்டி எடுத்த விதையைப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியதுபோல் ஓட்டை.

போன வாரம் நானே மண்வெட்டியை எடுத்துக் கிளறினேன். விரல் கணு நீளம், மஞ்சளும் சிவப்புமாக, துருப்பிடித்த கம்பித்துண்டு மாதிரி ஒரு புழு. நகத்தால் அழுத்தினால் நசுங்கவில்லை. நான்கு பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு இதோடு அனுப்புகிறேன். நீ பூச்சிப் பிரிவில் வேலை பார்ப்பவன். உங்கள் ஆபீசரிடம் காட்டி இது என்ன, என்ன செய்யலாம் என்று கேட்டு எழுது.

பட்வாரி, நம் ஊர்க் கர்ணம் மாதிரி நிலக்கணக்குப் பார்ப்பவர், வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த மழைக்காவது மேட்டு நிலத்தில் பயிர் நிற்க வேண்டுமாம். இல்லையென்றால் காலி நிலம் என்று எழுதி வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். ஆவணியில் பெரிய ஆபீசர் பார்க்க வருவார்.

அத்தான் சுகம். விதை விசாரிக்க போர்ட் பிளேர் போயிருக்கிறார். அதனால்தான் இதில் அவர் கையெழுத்து இல்லை.

சீக்கிரம் பதில் போடு. கப்பலை நம்பித்தான் எல்லாம் இருக்கிறது.

உன் அக்கா,
மங்கை

---

கோயம்புத்தூர்
5-3-1967

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் தம்பி வணக்கம்.

உங்கள் கடிதமும் தீப்பெட்டியும் வந்தன. எல்லோரும் நலம். பெரியவன் ஏழாவது போகிறான்.

ஆபீசர் பெட்டியைத் திறந்ததும் சொல்லிவிட்டார், கம்பிப்புழு. ஒரு வண்டின் குஞ்சு அது. மல்லாத்திப் போட்டால் ‘டக்’ என்று சொடுக்கித் துள்ளுமே, கறுப்பாக நீளமாக, அந்த வண்டு. புழு இரண்டு மூன்று வருஷம் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். விதைத்த பிறகு பார்த்துப் பயனில்லை, விதைப்பதற்கு முன்பே அது எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இரைக்குழி என்று ஒரு வழி உண்டு. நான் இங்கே பண்ணையில் வருஷா வருஷம் செய்கிற வேலைதான்.

மக்காச்சோளம் ஒரு கை, ரேஷன் கோதுமை ஒரு கை கலந்து ஒரு நாள் முழுக்க ஊறவையுங்கள். நிலத்தைச் சுத்தமாகக் கொத்தி, புல் பூண்டு இல்லாமல் செய்துகொள்ளுங்கள். பிறகு ஒரு சாண் ஆழத்தில் குழி. அடியில் ஊறிய தானியத்தைப் போட்டு, மண்ணை மூடி, மேலே சின்ன மேடு கட்டி, பக்கத்தில் குச்சி நடுங்கள். மண் காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். முளைக்கிற தானியம் மண்ணுக்குள் மூச்சு விடும். அந்த மூச்சைத் தேடித்தான் புழு வரும். சுற்றிலும் புல் முளைத்துக்கொண்டிருந்தால் அதன் மூச்சுக்கும் போய்விடும், கணக்குத் தப்பிவிடும்.

பத்தாம் நாள் குழியைத் தோண்டி, மண்ணோடு சாக்கில் கொட்டி உதிர்த்துப் பாருங்கள். குழிக்கு ஒரு புழு வீதம் இருந்தால்கூட விதைக்கு ஆபத்து. நிலம் முழுக்கப் பரவலாக இருபது குழியாவது போட்டால்தான் தெரியும்.

மண்வெட்டி வேலையை அத்தானிடம் விடுங்கள். உங்களுக்குப் போன வருஷமே முதுகு வலி. அத்தான் ஒரு வரி எழுதினால் சந்தோஷப்படுவேன்.

அன்புத் தம்பி,
பன்னீர்செல்வம்

---

பெரார்கஞ்ச்
10-4-1967

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் பங்குனி உத்திரம் கழிந்துதான் வந்தது. படித்த அன்றே தானியத்தை ஊறப்போட்டேன். நீயும் சுசீலாவும் சுகந்தானே?

இருபது குழி போட்டேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் பதினாறு குழியைக் காட்டுப்பன்றி கிளறித் தின்றுவிட்டுப் போயிருந்தது. மிச்சம் நான்கையும் எலி பறித்திருந்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை, அலுப்பாக இருந்தது. பக்கத்து நிலத்துக்கார சரளா தீதி, தீதி என்றால் இவர்கள் பாஷையில் அக்கா, கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவள், அவள் வந்து பார்த்துவிட்டு, “அரே மங்கை, சுவருக்கு தாவத் வச்சியா?” என்று சிரித்தாள். சுவர் என்றால் இங்கே பன்றி. பன்றிக்கு விருந்து வைத்தேனாம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி போட வேண்டும். இந்த முறை ஒவ்வொரு மேட்டின் மேலும் கொட்டாங்கச்சி கவிழ்த்துக் கல்லை வைக்கலாமா? காற்றுப் போகாமல் கெட்டுவிடுமா? நிலம் சரிவாக இருப்பதால் ஐந்து வரிசையாக, வரிசைக்கு நாலாக நினைத்திருக்கிறேன். தானியம் கொஞ்சம்தான் இருக்கிறது. வீணாக்க முடியாது.

அத்தானுக்கு வலது கையில் சுளுக்கு. அதனால் எழுதவில்லை. உன்னை விசாரித்தார்.

அக்கா,
மங்கை

---

கோயம்புத்தூர்
4-5-1967

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. பதில் தாமதம், மன்னிக்கவும். இங்கே கொஞ்சம் வேலை அதிகம்.

கொட்டாங்கச்சி வைக்கலாம், கெடாது. கல் கனமாக இருக்கட்டும். மழை பிடிப்பதற்கு முன்னால் போட்டுவிடுங்கள், பெருமழையில் தானியம் முளைக்காமல் அழுகிச் சேறாகிவிடும்.

ஐந்து வரிசை சரி. ஆனால் கீழ்ப்பக்கம் கூடுதல் கவனம் வையுங்கள். காட்டை வெட்டித் திருத்திய மண்ணைவிட பழைய புல் தரையில்தான் இந்தப் புழு அதிகம் இருக்கும். கீழ்மூலையில் பாதி எரிந்து நிற்கிற படாக் மரத்தூரைச் சுற்றி முன்பு ஆள் உயரத்துக்குப் புல் இருந்ததே, அந்த இடத்தில் ஒரு குழியாவது விழட்டும்.

எண்ணிக்கையை வரிசைவாரியாக எழுதி அனுப்புங்கள். கூட்டி எழுத வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
பன்னீர்

---

பெரார்கஞ்ச்
27-5-1967

அன்புத் தம்பி பன்னீருக்கு அக்கா எழுதுவது. சுகம். எல்லோர் சுகத்துக்கும் பதில் போடு.

நேற்று பத்தாம் நாள். விடிந்ததும் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் இருபதையும் தோண்டி முடித்தேன். சரளா தீதி சாக்கைப் பிடித்துக்கொண்டாள். நீ கேட்டபடி வரிசைவாரியாக எழுதுகிறேன். மேலிருந்து முதல் வரிசை நான்கும் சுத்தம். இரண்டாம் வரிசையும் சுத்தம், தானியம் வெள்ளையாக முளைவிட்டு அப்படியே இருந்தது. மூன்றாவதில் ஒரு குழியில் ஒன்று, ஒரு குழியில் இரண்டு. நாலாவதில் ஐந்து, நான்கு, எட்டு, மூன்று. கடைசி வரிசையைத் தோண்டும்போது தீதி சாக்கை விட்டுவிட்டு எழுந்துவிட்டாள். ஒன்பது, ஏழு, பதினொன்று, ஆறு. ஒரு கோதுமைக்குள் தலையை விட்டு வால் மட்டும் வெளியே நெளிந்தது.

இரண்டு வருஷமாக மண்ணுக்கு மேலே நின்று யார் யாரையோ சபித்தோம், தம்பி. அது எல்லாமே கீழ்ப்பக்கத்து எட்டுக் குழிக்குள் இருந்திருக்கிறது. இந்த விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தால்!

மேல்பாதி மட்டும் விதைத்துவிட்டு கீழ்ப்பாதியைச் சும்மா போடலாமா? சும்மா போட்டால் காலி நிலம் என்று எழுதிவிடுவார்களோ? உன் பதில் வருவதற்குள் மழை வந்துவிடும்.

இன்னொன்று கேட்க வேண்டும். கீழ்மூலையில் படாக் மரத்தூர் இருப்பதும் அது பாதி எரிந்து நிற்பதும் உனக்கு எப்படித் தெரியும்? அதைப் பற்றி நான் உனக்கு எழுதியதே இல்லை. படாக் என்கிற பெயரே இந்தத் தீவில்தான் புழங்குகிறது. உன் போன கடிதத்தில் நீ அத்தானை விசாரிக்கவும் இல்லை.

அக்கா,
மங்கையர்க்கரசி

---

பெரார்கஞ்ச்
2-7-1967

தம்பி பன்னீர்செல்வத்துக்கு,

இரண்டு கப்பல் வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

நான் காத்திருக்கவில்லை. ஜூன் ஐந்தாம் தேதி மேல் இரண்டு வரிசையும் மூன்றாவதில் பாதியும் விதைத்துவிட்டேன். தனியாகத்தான் விதைத்தேன். எட்டாம் நாள் முளைத்தது. வரிசை தப்பாமல் முளைத்தது. போய் நின்று பார்த்தேன், சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் முதுகு வலிதான் தெரிந்தது.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. அத்தான் தைப்பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் வீட்டை விட்டுப் போனார். போர்ட் பிளேரில் விதை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி பஸ் ஏறினார். ஒரு வாரம் கழித்து கப்பல்துறை ஜெட்டியில் மீன் ஏற்றுகிற சின்னப்பன் சொல்லித்தான் தெரியும், மெயின்லேண்டுக்கு, மதராஸ் போகிற கப்பலில் ஏறிவிட்டார் என்று. நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்பவர்களிடம் போர்ட் பிளேர் பக்கம் பத்துபஸ்தியில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்குச் சுளுக்கு என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே அது நிஜம் மாதிரி இருந்தது.

அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் நாலு மாதம் ஓட்டினேன், பன்னீர். உன் மே மாதக் கடிதத்தில் அந்த மரத்தூரைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதை எரித்தவர் அவர். மூன்று நாள் எரித்தும் வேர் அசையவில்லை.

அவர் உன் வீட்டில்தானே இருக்கிறார்? ஆமாம், இல்லை என்று மட்டும் எழுதினால் போதும்.

மங்கை

---

கோயம்புத்தூர்
20-7-1967

அக்காவுக்கு,

ஆமாம்.

ஏப்ரல் கடைசியில் வந்தார். அதற்கு முன் மதராஸில் மூட்டை தூக்கியிருக்கிறார், காய்ச்சலில் கிடந்திருக்கிறார். வாசலில் நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. “மாப்ளே, அக்காவுக்கு மட்டும் எழுதிராத. எழுதுனா இன்னைக்கே கெளம்பிருவேன், எங்க போறேன்னு எனக்கே தெரியாது” என்றார். அந்த நிலையில் அவரை வெளியே விட எனக்குப் பயமாக இருந்தது. எழுதாமல் இருந்துவிட்டேன். ஒரு நாள் இரண்டு நாளாகி, பிறகு எழுதுவதற்கு வாய் இல்லாமல் போயிற்று.

உங்கள் கடிதம் வரும் நாளெல்லாம் அவர்தான் முதலில் கேட்பார். பன்றி கிளறியதைப் படித்தபோது எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். மரத்தூர் அவர் சொன்னதுதான். “கீழ்மூலையில பாக்கச் சொல்லு மாப்ளே, அங்கதான் புல்லு நின்னுச்சு” என்றார். நான் யோசிக்காமல் அப்படியே எழுதிவிட்டேன். உங்கள் எண்ணிக்கை வந்த அன்று அதை மூன்று தடவை படிக்கச் சொன்னார். பிறகு கேட்டார், “அப்ப மேல்பாதி சுத்தமா? ரெண்டு வருசமும் புழு இருக்கிற பக்கமாவே பாத்து வெதச்சோமா?” சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தமான் விண்ணப்பத்தை என் கையால்தான் நிரப்பினேன். அத்தானுக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. “பத்து ஏக்கர், அக்கா! ஊரில் யாருக்கு இருக்கு?” என்று நான்தான் பேசிப் பேசி இருவரையும் கப்பலேற்றினேன். அதையும் சேர்த்துத்தான் என்னால் எழுத முடியவில்லை.

அவர் எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். நான் பிரித்துப் படிக்கவில்லை.

தம்பி

---

(மேற்படி உறைக்குள்)

மங்கைக்கு ஜெகநாதன் எழுதுவது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

வேறு எந்தத் தப்பான காரியத்துக்கும் நான் போகவில்லை. அன்றைக்கு நிஜமாகவே விதை பார்க்கத்தான் போனேன். கடைக்காரன் ஒரு கை விதையை அள்ளி என் உள்ளங்கையில் போட்டான். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்றாவது தடவையும் இதை மண்ணில் போட்டுவிட்டு, தினமும் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று தோன்றியது. விதையை அவனிடமே கொடுத்துவிட்டு நடந்தேன். ஜெட்டியில் கப்பல் நின்றது. அவ்வளவுதான். உன்னை நினைக்காமல் ஏறினேன் என்று சொல்ல மாட்டேன். நினைத்துக்கொண்டேதான் ஏறினேன்.

இங்கே ஒரு பஞ்சு மில் கிடங்கில் காவல் வேலை. சுசீலா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பிள்ளைகளுக்குச் சோறு வடிப்பதும் நான்தான். நீ குழி போட்டு எண்ணிப் பார்த்த வேலையை நான் செய்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவே பயமாக இருந்தது.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஜெகநாதன்

---

பெரார்கஞ்ச்
22-8-1967

அன்புத் தம்பிக்கு,

முதலில் இதற்குப் பதில் சொல். சுசீலாவுக்கு என்ன? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்று அவர் எழுதியிருக்கிறார். ‘எல்லோரும் நலம், நலம்’ என்று நீ எழுதிக்கொண்டிருந்தாயே. நம் அம்மா பெற்றது இரண்டும் ஒரே மாதிரிதான்.

உன் மேல் கோபம் இருந்தது. மக்காச்சோளத்துக்கு மண் அணைக்கிற வேலை இருந்தது, அதில் கோபம் கரைந்துவிட்டது. கரைந்தது என்றால் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

போன வெள்ளிக்கிழமை பெரிய ஆபீசர் பட்வாரியோடு வந்தார். நிலம் அத்தான் பெயரில் இருக்கிறது அல்லவா, முதல் கேள்வியே, “மாலிக் கிதர் ஹை?” உரிமையாளர் எங்கே என்று. பத்துபஸ்தி என்று சொல்ல வாய் வந்தது. அலுத்துவிட்டது, தம்பி. “ஊருக்குப் போயிட்டார் சார். வருவாரா தெரியாது. உழுதது, விதைச்சது எல்லாம் நான்தான்” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். பட்வாரி என்னைப் பார்த்தார். இத்தனை மாதம் அவரிடமும் பொய்தானே சொல்லியிருந்தேன்.

மேல்பாதியில் கதிர் என் தலைக்கு மேல் நிற்கிறது. அதைச் சுற்றிப் பார்த்தார். கீழே வந்ததும் முகம் மாறிவிட்டது. “ஏ காலி க்யோம்?” ஏன் சும்மா கிடக்கிறது என்றார். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் வருகிற தேதி தெரிந்து பத்து நாளுக்கு முன்பே, மழை விட்டிருந்தபோது, கடைசி வரிசையில் இரண்டு குழி போட்டு வைத்திருந்தேன். கொட்டாங்கச்சியை எடுத்துவிட்டு அவர் கண் முன்னால் தோண்டிச் சாக்கில் கொட்டினேன். ஒன்றில் எட்டு, ஒன்றில் பத்து. ஆபீசர் பூட்ஸை இரண்டடி பின்னால் எடுத்து வைத்தார். “இதுல வெதச்சா வெத போயிரும் சார். வர்ற வேனல்ல ரெண்டு மூணு தடவை ஆழக் கொத்திப் போட்டு, வெயிலும் கோழியும் தின்ன விட்டு, மறுபடி குழி போட்டுப் பாத்துட்டுத்தான் வெதைப்பேன்” என்றேன். பட்வாரி அதை இந்தியில் ஒழுங்காக எடுத்துச் சொன்னார். ஆபீசர் தானே குனிந்து ஒரு புழுவைக் குச்சியால் புரட்டிப் பார்த்தார். இதை யார் சொல்லிக் கொடுத்தது என்றார். தம்பி என்றேன்.

பயிர் இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். ஆனால் உரிமையாளர் இல்லாத நிலத்தை அப்படியே விட முடியாதாம். இரண்டு வழி. தீபாவளிக்குள் அத்தான் வந்து நேரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் என் பெயருக்கு மாற்றச் சம்மதம் என்று அவர் எழுதி, இரண்டு சாட்சியோடு கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

இதை அவரிடம் படித்துக் காட்டு. இரண்டில் எது என்று நான் சொல்லப்போவதில்லை. எது செய்தாலும் தேதிக்குள் செய்யச் சொல்.

அக்கா,
மங்கை

---

மதராஸ் துறைமுகம்
28-9-1967

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். கப்பல் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. சுசீலாவுக்கு ஏப்ரல் கடைசியில் கர்ப்பப்பை ஆப்பரேஷன். இப்போது எழுந்து நடமாடுகிறாள், வேலை செய்கிறாள். உங்களுக்கு இருக்கிற கஷ்டத்தில் இதையும் எழுத வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அத்தான் இந்தக் கப்பலில் வருவதாகத் தந்தி கொடுத்திருந்தேன். நீங்கள் ஜெட்டியில் நின்றுகொண்டிருப்பீர்கள். என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும், “போறேன் மாப்ளே. போயி நிக்கேன்” என்றார். அவர் வாயால் சொன்னது. டிக்கெட் எடுத்து, கூடவே ரயிலேறி நானும் வந்தேன். வருகிற வழியெல்லாம் நன்றாகத்தான் பேசினார். கீழ்ப்பாதியை எப்படிக் கொத்த வேண்டும் என்றுகூடச் சொன்னார். இன்று காலை வரிசையில் நின்றோம். ஏணிப்படியில் நாலு படி ஏறினார். நின்றார். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். இறங்கி வந்துவிட்டார்.

“அத்தான், என்ன இது?” என்றேன்.

“அவ மொகத்தப் பாக்க முடியாதுல. நான் இல்லாம அவ அத முளைக்க வச்சிட்டா. நான் போயி என்னத்துக்கு நிக்க? மாலிக்குன்னா? எனக்கு வெக்கமா இருக்கு” என்றார். பெட்டியிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். கோயம்புத்தூரிலேயே எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அப்படியென்றால் அங்கே கிளம்பும்போதே அவருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது.

காகிதத்தையும் இந்தக் கடிதத்தையும் பெரார்கஞ்ச் பக்கம் வருகிற சண்முகம் என்கிற பிடபிள்யூடி மேஸ்திரியிடம் கொடுத்துவிடுகிறேன். ஜெட்டியில் உங்கள் பெயரைக் கூப்பிடுவார். அத்தான் இங்கே என் பக்கத்தில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறார். அவரை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன்.

நீங்களும் வந்துவிடுங்கள் அக்கா. நிலம் போனால் போகட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி,
பன்னீர்செல்வம்

---

பெரார்கஞ்ச்
19-10-1967

அன்புத் தம்பி பன்னீருக்கும், அன்புள்ள சுசீலாவுக்கும் மங்கை எழுதிக்கொண்டது. சுசீலா, கனமான குடத்தைத் தூக்காதே. தண்ணீரை அத்தான் எடுக்கட்டும்.

கப்பல் வந்த அன்று முதல் பஸ்ஸுக்கே போய்விட்டேன். வெயிலில் நின்று இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கூட்டம் குறைந்தது. பிறகு கூலிக்காரர்கள் மட்டும் ஏறி இறங்கினார்கள். அப்போது ஒருவர், “மங்கையர்க்கரசி யாரும்மா?” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நான்தான் என்று கையைத் தூக்கினேன். கவரை வாங்கினேன். கனமில்லாமல் இருந்தது.

ஜெட்டிக்குப் பக்கத்தில் ஃபீனிக்ஸ் பே குடியிருப்பில் சின்னப்பன் வீட்டுக்குப் போய் அவர் மனைவி சிசிலியாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பிரித்தேன். அவள் அடுப்படிக்குப் போனாள். மீன்குழம்பும் சோறும் போட்டாள். சாப்பிட்டேன். பசித்தது.

திங்கட்கிழமை காகிதத்தைக் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்தேன். குமாஸ்தா ரெஜிஸ்டரைத் திறந்து அத்தான் பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். கீழே என் பெயரை எழுத ஆரம்பித்து, பாதியில் எழுத்துக் கேட்டார். இந்தியில் என் பெயர் அவ்வளவு நீளம் வருகிறது. கணவன் பெயர் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, “லிக்கூம்?” எழுதட்டுமா என்று பார்த்தார். எழுதுங்கள் என்றேன். அது பொய்யில்லையே.

மக்காச்சோளம் அறுத்து முடித்துவிட்டேன். மேல்பாதி நன்றாகவே கொடுத்தது. விதைக்கு எடுத்து வைத்ததுபோக சரளா தீதிக்கும் கொடுத்தேன். சாக்கைப் பிடித்தவள் அவள்தான்.

நீ வரச் சொல்கிறாய். வர மாட்டேன், தம்பி. வீம்பில் சொல்லவில்லை. ஒன்பது மாதம் தனியாக இருந்து பார்த்துவிட்டேன், இருக்க முடிகிறது. விண்ணப்பத்தை நீ நிரப்பினாய் என்று இனி எழுதாதே. கையெழுத்துப் போட்டது நாங்கள்.

அவரிடம் சொல். கோபம் இருக்கிறது. சாபம் இல்லை. வெட்கம் தீர்ந்து என்றைக்காவது வந்தால் வரட்டும். ஆனால் இனி அவர் வருவது என் நிலத்துக்கு. கூட வேலை செய்கிறவராக வர வேண்டும். அதற்கு மனமிருந்தால் நாலு படியோடு நிற்க மாட்டார்.

ஆபீசிலிருந்து வந்த மறுநாள் காலை கஞ்சி குடித்துவிட்டு, சும்மா ஒரு நிமிஷம் என்று பாயில் சாய்ந்தேன். அப்படியே தூங்கிவிட்டேன். கோழிக்குத் தீவனம் போடவில்லை, மாட்டை அவிழ்க்கவில்லை. மதியம் சரளா தீதி வந்து கூப்பிட்டிருக்கிறாள், காது கேட்கவில்லை. பயந்துபோய் என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாளாம். விரல் பட்டதும் விழித்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

“ஜிந்தா ஹூம், தீதி” என்றேன். உயிரோடுதான் இருக்கிறேன் என்று. அவள் மாட்டை அவிழ்க்கப் போனாள். நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

உன் அக்கா,
மங்கையர்க்கரசி